நீலத்தாளில் ஒரு ஜோடிச் செருப்பு

மாமி ஒரே தடவையில் வீட்டை விட்டுக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. காலையில் ஆபீஸுக்குப் புறப்பட்டு என் வாசலைத் தாண்டிப் போவாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் இறங்கும், பாதியில் நிற்கும், அப்புறம் அதே வேகத்தில் மேலே ஏறி வரும். கேஸ் அணைத்தோமா என்று ஒரு பார்வை. மறுபடி இறங்குவாள். கேட் வரைக்கும் போனபிறகு குழாய் ஞாபகம் வரும். செம்பூரில் ரயிலேறி வடாலா வரை போய்விட்டு, இஸ்திரிப்பெட்டியின் ஸ்விட்சைப் பார்ப்பதற்காக எதிர் பிளாட்பாரத்தில் வண்டி பிடித்துத் திரும்பி வந்த நாளும் உண்டு. அன்றைக்குக் கட்டடத்திலேயே கரண்ட் இல்லை.

"கரண்டே இல்லையே மாமி, பெட்டி எப்படிச் சுடும்?" என்றேன்.

"இப்போ இல்லை. நான் வடாலாலே இருக்கறச்சே வந்துடுத்துன்னா?"

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

எங்களுடையது பம்பாயில், செம்பூரில் ஒரு பழைய காலனிக் கட்டடம். வரிசையாக வீடுகள், அவற்றுக்கு முன்னால் நீளமாக ஒரு திறந்த நடை, ஓரத்தில் இரும்புக் கம்பி. செருப்பு, துடைப்பம், துளசித் தொட்டி, பழைய பேப்பர்க் கட்டு எல்லாம் அந்த நடையில்தான் கிடக்கும். காலையிலேயே வெயில் வந்து விழுந்துவிடும். மாமி வீடும் என் வீடும் ஒட்டினாற்போல. அவள் பாலக்காட்டுக் குடும்பம், மாடுங்காவில் பிறந்து வளர்ந்தவள், கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் கிளார்க். நான் தாராவியில் பிறந்தவள், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மாமி ஒவ்வொரு தடவை படியேறித் திரும்பும்போதும் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"எதுக்கு மாமி இப்படி அலையுதிய? அணைச்சாச்சுன்னா அணைச்சாச்சு."

"அணைச்சேன்னு தெரியறதுடீ. அணைஞ்சிருந்ததைப் பாத்தேனான்னுதான் தெரியலை."

மாமா பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயேதான் இருப்பார். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இங்கே உக்காந்திண்டிருக்கேனே, நான் பாத்துக்க மாட்டேனா? நீ போ" என்று உள்ளேயிருந்து சொல்வார். மாமி காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். அவளுக்குத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கூத்துதான் என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் பிழைப்பு மாமியின் சுபாவத்துக்கு நேர் எதிர். நான் வெயிலில் படம் எடுக்கிறவள். கேமரா கிடையாது. இரண்டு ரசாயனப் பொடிகளைத் தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படாத இடத்தில் கலந்து, தடித்த தாளில் பிரஷ்ஷால் பூசிக் காயவைத்தால் தாள் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அதன்மேல் ஏதாவது ஒரு பொருளை வைத்து மொட்டை மாடி வெயிலில் காட்ட வேண்டும். தாளின் நிறம் மெல்ல மங்கிச் சாம்பலாகும். அப்போது எடுத்துத் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலம், பொருள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வெள்ளை. முறுக்கு அச்சு, டீ வடிகட்டி, ஊக்கு, பல் போன சீப்பு, சாவிக்கொத்து, இடியாப்பத் தட்டு என்று எது கையில் கிடைத்தாலும் வைப்பேன். வாழ்த்து அட்டையாகவும் சுவரில் மாட்டுகிற படமாகவும் பாந்த்ராவில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டார்கள். சனி ஞாயிறுகளில் வகுப்பும் எடுத்தேன். "வேலையத்தவ செருப்பையும் சீப்பையும் காயப் போடுதா" என்று என் அம்மாவே சொல்லுவாள்.

இந்த வேலையில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ மாமிக்கு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானும் செய்து பார்க்கிறேன் என்று ஜல்லிக்கரண்டியோடு மாடிக்கு வந்தாள். தாளைக் கொடுத்தேன். கரண்டியை வைத்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தவள் குனிந்து கரண்டியைத் தூக்கிவிட்டாள்.

"ஐயோ மாமி, எடுக்காதிய!"

"எடுக்கலைடீ. வந்துடுத்தான்னு பாத்தேன்."

"பார்த்தா கெட்டுப்போகும். வைங்க."

வைத்தாள், ஆனால் பழைய இடத்தில் இல்லை. இந்தப் பக்கம் நடந்தாள், அந்தப் பக்கம் நடந்தாள், தண்ணீர் டாங்கி மூடியைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி தூக்கினாள். நான் கத்தினேன். என்ன கத்தி என்ன? அலசிப் பார்த்தபோது தாளில் ஒரு கரண்டி இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாகக் கலங்கிப்போய் ஒரு கரண்டிக் கூட்டமே இருந்தது. கரண்டியின் கண்கள் எல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்திருந்தன. எனக்கு ஒரு நல்ல தாள் வீணாய்ப்போன எரிச்சல். மாமியோ அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ நடுவுல யாராவது எடுத்து வெச்சா இது காட்டிக் குடுத்துடுமாக்கும்?"

"பின்னே? அப்பட்டமா காட்டிக் குடுத்துரும்."

"எடுக்கவே இல்லேன்னா?"

"வெள்ளை வெளேர்னு விழும்."

அவள் கரண்டியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்பே மாமாவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார். என்னைப் புனேயிலிருக்கும் தன் பெண் என்று நினைத்து, "எப்போ வந்தே?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் "இப்பத்தான் வந்தேன்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பிறகு ஒரு நாள் மாமி ஆபீஸில் இருக்கும்போது அவர் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விட்டார். குர்லா ஸ்டேஷனில் எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் நின்றவரை யாரோ ஒரு புண்ணியவான் பார்த்து, அவர் சட்டைப்பையிலிருந்த பழைய விசிட்டிங் கார்டைத் தேடி எடுத்து போன் செய்தான். மாமி ஆபீஸிலிருந்து எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அழவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனவள், நேரே அடுப்படிக்குப் போய்க் கேஸைத் திருகிப் பார்த்தாள்.

பெண் புனேயிலிருந்து ஒரு கேமரா வாங்கி அனுப்பினாள். ஆபீஸில் இருந்தபடி போனிலேயே வீட்டுக் கூடத்தைப் பார்க்கலாம். மாமி கையில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மாமி கண்ணை எடுக்கவே இல்லை. ரயிலில் பார்த்தாள், ஃபைலுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுடைய ஆபீஸ் சாஹிப் கூப்பிட்டு, "மேடம், தபியத் டீக் ஹை?" என்று உடம்பைப் பற்றி விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. ஒருநாள் நெட் போய்ப் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மாமா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்ததாம். மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்து, வாயில் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள். மாமா நடையில் நின்று துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கே அந்தக் கேமராவைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

துணைக்கு ஓர் அம்மாளை வைத்தார்கள். "நான் என்ன பேஷண்டா?" என்று மாமா அவளை உள்ளே விடவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாமி ஒப்பவில்லை. "நீ உன் வேலையைப் பாரு. ஊரெல்லாம் காவல் காக்கற நிலைமைக்கு அவர் வந்துடலை" என்று முகத்தை நீட்டினாள். பெண் போனில் ஒரே பிடியாகப் பிடித்தாள்: வெளியே பூட்டிவிட்டுப் போ, இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள், இல்லையென்றால் வாஷி பக்கம் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது, சேர்த்துவிடலாம்.

"உசிரோட இருக்கற மனுஷனை உள்ளே வெச்சு வெளிலே பூட்டறதாவது!" என்று என்னிடம் வந்து மாமி கொதித்தாள். "திருடனா அவர்? பாங்குல எத்தனை சாவி அவர் கையிலே இருந்திருக்கு தெரியுமோ? அவரைப் பூட்டணுமாம். என்னால ஆகாது, கேட்டியோ."

சற்று நேரம் நடையில் இங்கும் அங்கும் நடந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "உன் தாள்லே கொஞ்சம் குடேன். அவர் செருப்புக்குக் கீழே போடணும்."

அவளுடைய கணக்கு சுலபமானது. மாமா வெளியே போனால் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போவார். செருப்பு நடையில், வெயிலில் இருக்கிறது. காலையில் அதற்கு அடியில் தாளைப் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் தெரிந்துவிடும். வெள்ளையாக விழுந்தால் மனிதர் இறங்கவில்லை. கலங்கியிருந்தால் இறங்கியிருக்கிறார். அப்படிக் கலங்கிய அன்றைக்குப் பெண் சொல்கிறபடி பூட்டுவது, அதுவரைக்கும் பூட்டுவதில்லை. இந்தத் தாளை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அவளுக்கு அதில் பிடித்த விஷயம்.

என்ன மூளை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பூசிய தாள்களைக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தேன். செருப்புக்குக் கீழே தாள் விரிப்பது எங்கள் நடையில் சகஜம்தான், மாமா ஏன் என்று கேட்கவில்லை.

முதல் நாள் மாமி ஆபீஸிலிருந்து வந்து ஹாண்ட்பேகைக்கூடக் கீழே வைக்காமல் தாளோடு என் வீட்டுக்குள் நுழைந்தாள். குளியலறையில் வாளித் தண்ணீரில் நான் அலச, அவள் என் தோளுக்குமேல் எட்டி எட்டிப் பார்த்தாள். மஞ்சள் கரைந்து ஓடியது. நீலத்துக்கு நடுவே இரண்டு செருப்புகள், கட்டைவிரல் வளையத்தின் விளிம்பு முதற்கொண்டு, பால் வெள்ளையாக எழுந்து வந்தன. மாமி அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எங்கேயும் போகலைடீ."

"போகல மாமி. வீட்லதான் இருந்திருக்காவ."

மறுநாளும் வெள்ளை. அதற்கடுத்த நாளும் வெள்ளை. என் வீட்டுக் கொடியில் துணிக்குப் பதில் செருப்புகள் காய்ந்தன. மாமியிடம் ஒரு மாற்றம் வர ஆரம்பித்தது. நான்தான் முதலில் கவனித்தேன். காலையில் அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது, திரும்பி ஏறும் சத்தம் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கம்பியருகே போய் எட்டிப் பார்த்தேன். தெருவில் நேராகப் போய்க்கொண்டிருந்தாள். சில நாளில் நடையில் இருக்கிற எல்லாருமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "மாமி இப்ப எல்லாம் திரும்பி வர்றதில்லையே, என்ன மந்திரம்?" என்று கோடி வீட்டு மராத்திக்காரி என்னைக் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. என் தாள், என் ரசாயனம்! இத்தனை வருஷத்து வியாதியை ஒரு காகிதத்தில் தீர்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. மே மாதத்து பம்பாய் தெரியும்தானே, நடையில் நின்றாலே தலை சுற்றும். எனக்கு அந்த வெயில்தான் சம்பாத்தியம், அதனால் காலை முழுக்க மாடியில்தான் இருப்பேன். கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஒரு சாயங்காலம் மாமி வாசலில் வந்து நின்றாள். கையை அசைத்துக் கூப்பிட்டாள். பின்னாலேயே போனேன். மாமா சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மாமி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளங்கள். சில உடைந்து தோல் உரிந்திருந்தது. குதிகாலில் ரோட்டுத் தார் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"எங்கே போனேள்?" என்றாள் மாமி.

"எங்கே போனேன்? இங்கேதானே இருக்கேன்" என்றார் மாமா.

அன்றைய தாளை அவள் இன்னும் என்னிடம் அலசக் கொடுக்கவில்லை. நான் ஓடிப்போய் அலசினேன். வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடிச் செருப்பு. ஒரு மயிரிழை கலங்கவில்லை. ஈரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில்தான் எனக்கு உறைத்தது. செருப்பு எங்கேயும் போகவில்லை. செருப்புப் போடாமல் மனிதர் போயிருக்கிறார், அதுவும் இந்த வெயிலில், எத்தனை நாளாகவோ.

அடுத்த நாளே புனேயிலிருந்து பெண் வந்துவிட்டாள். வரும்போதே தச்சனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவுக்கு வெளியே புதிதாக ஒரு கொண்டி, அதற்கு ஒரு பெரிய பூட்டு. "தாளை வெச்சுண்டு விளையாடிண்டிருக்கேளே அம்மா! பஸ்ல அடிபட்டிருந்தா?" என்று கத்தினாள். எனக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது. அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? மாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு நாள் டைம் குடு. அவர் எங்கே போறார்னு பாத்துடறேன். அப்பறம் பூட்டலாம்."

மறுநாள் காலை மாமி வழக்கம்போலக் கிளம்பிப் படியிறங்குவதுபோல் இறங்கி, நடையில் நின்ற மாமா உள்ளே போனதும் பூனை மாதிரி ஏறி என் வீட்டுக்குள் புகுந்துகொண்டாள். பெண் குறுக்கே வந்து தடுத்துவிடாமலிருக்க, அவளை அன்று என் வீட்டுக்காரரோடு மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டோம். மாமி என் ஜன்னலருகே நின்றாள். நின்றாள் என்று சொல்வதே தப்பு. நகத்தைக் கடித்தாள், திரையை விலக்கினாள், மூடினாள், தண்ணீர் கேட்டாள், கொடுத்தால் குடிக்கவில்லை, என் வீட்டுக் கேஸைப் போய்த் திருகிப் பார்த்தாள்.

கதவு திறந்தது. மாமா குளித்து, நெற்றி நிறைய விபூதி இட்டுக்கொண்டு, மடிப்புக் கலையாத வேட்டியோடு வெளியே வந்தார். காலில் மாமி முந்தின நாள் சுற்றிவிட்ட கட்டு அப்படியே இருந்தது. செருப்பைப் பார்த்தார். அதை மிதித்துவிடாமல் ஒதுங்கி, மெல்ல நொண்டிக்கொண்டே படியிறங்கினார்.

பின்னாலேயே போனோம். அவர் தடுமாறவே இல்லை. சிக்னலில் நின்றார், ஆட்டோக்களுக்கு வழிவிட்டார். நிழல் ஒரு பக்கம் இருந்தது, வெயில் ஒரு பக்கம் இருந்தது, அவர் நிழலைத் தேடிப் போகவில்லை. மாமி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வலித்தது. "கூப்பிடட்டுமா, கூப்பிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள், கூப்பிடவில்லை. குன்றின்மேல் இருக்கிற முருகன் கோயில் வாசலுக்கு வந்ததும் அவர் நின்று ஒரு கும்பிடு போட்டார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார்.

கீழே செருப்பு பார்த்துக்கொள்கிறவன் நம் ஊர்க்காரன். எங்கள் செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தவனிடம் மாமி மேலே கையைக் காட்டினாள்.

"அந்தப் பெரியவரா? தெனமும் வர்றாரும்மா. எங்கிட்ட டோக்கன் வாங்குனதே இல்ல. இந்தச் சூட்டுல ஏன் சார் வெறுங்காலோட வர்றீங்கன்னு கேட்டா, வேண்டுதல்னு சொல்லுவாரு."

பாதிப் படி ஏறியதும் மாமி உட்கார்ந்துவிட்டாள். நேர்ந்துகொண்டால் வீட்டு வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நடப்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். அவளுக்குத் தெரியாததா? அவள் மாமனார் அப்படி நடந்திருக்கிறார், அவளே பெண்ணின் பிரசவத்துக்காக நடந்திருக்கிறாள். ஆனால் மறதிக்காரர் ஒரு வேண்டுதலை ஞாபகம் வைத்திருப்பார் என்று யார் கண்டது?

உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. மாமா இறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார். மாமியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்த விதத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அடி வாங்கினாற்போல இருந்தது.

"நீ ஆபீஸ் போகலையா?" என்றார். "திரும்பி வந்துட்டியா? எதைப் பாக்கறதுக்கு வந்தே? கேஸா?"

மாமியின் பார்வை அவர் காலிலிருந்த கட்டுக்குப் போயிற்று.

"அப்போ பலிக்கலையோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். பெண் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார். "உங்கம்மா பாவம்டீ. கேஸ் அணைச்சோமா, குழாய் மூடினோமான்னு ஒரு நாள் நிம்மதியா வாசல் தாண்டினதில்லை. நான் பாத்துக்கறேன், நீ போன்னு சொல்றதுக்கு நான் இருந்தேன். எனக்கோ இப்போல்லாம் ஒண்ணும் மனசிலே நிக்க மாட்டேங்கறது. நான் அடியோட இல்லாம போறதுக்குள்ளே இவளுக்கு இந்த பயம் போகணும். அதுக்காக்கும் செருப்பில்லாம வரேன்னு வேண்டிண்டேன். கொஞ்ச நாளா அவ திரும்பி வர்றதே இல்லை, தெரியுமோ? முருகன் கேட்டுட்டான்னு நினைச்சேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த மனிதர் வெறுங்காலோடு நடந்ததால் தாள் வெள்ளையாக விழுந்தது. தாள் வெள்ளையாக விழுந்ததால் அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் திரும்பாமல் போனதால் சாமி கேட்டுவிட்டான் என்று இவர் இன்னும் நடந்தார். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

மாமி எழுந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நான் ஒண்ணையும் பாக்கறதுக்கு வரலை. லீவு போட்டுட்டு ஸ்வாமியைப் பாக்க வந்தேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். எனக்கு இப்போ பயமே இல்லை. போயே போயிடுத்து."

மாமா ஒரு குழந்தையைப்போலச் சிரித்தார். ஆட்டோவில் வீடு திரும்பும்வரை மாமி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலம் என் சமையலறையில் வந்து நின்று, "இத்தனை நாள் நிம்மதியா ஆபீஸ் போனேனே, அது அவர் கால் வெந்த நிம்மதியாடீ?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மீதித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

பெண்ணிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, ரொம்ப நேரம் உள்ளே பேச்சு கேட்டது. கொண்டி கதவில் இருந்தது, பூட்டை யாரும் போடவில்லை. பெண் புனேக்குப் போனாள். மாமி, தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, என்னிடம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நான் மொட்டை மாடியை விட்டு இறங்கி, நடையிலேயே மாமாவுக்குப் பக்கத்தில் பலகை போட்டு என் தாள்களைப் பரப்பினேன்.

அவள் ஓய்வு பெற்று, இருவரும் புனேக்குக் குடிபோகும்வரை தினமும் காலையில் இதுதான் நடந்தது. நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமா, புறப்படும் மாமியைக் கேட்பார்.

"உனக்கு இப்போ பயம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லவே இல்லை."

"அப்போ நான் இன்னிக்குக் கோவிலுக்கு நடக்க வேண்டாமோ?"

"வேண்டாம். வேண்டுதல் பலிச்சாச்சு. வெள்ளிக்கிழமை ரெண்டு பேருமா ஆட்டோலே போவோம்."

முந்தின நாள் கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்காது. அவளும் முதல் தடவை சொல்கிற மாதிரியே சொல்வாள். பிறகு இறங்கிப் போவாள். மாமா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் திரும்புகிறாளா என்று பார்ப்பார். கேட் அருகே மாமியின் கால் நிற்கும். தோளில் ஹாண்ட்பேகைச் சரிசெய்வாள். அவளை இழுக்கிற இழுப்பு மூன்றாம் மாடியில் நிற்கிற எனக்குத் தெரியும். திரும்ப மாட்டாள்.

"பாத்தியா, திரும்பவே இல்லை" என்பார் மாமா.

"ஆமா மாமா, திரும்பவே இல்ல."

அவர் திருப்தியாக உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். மாமி தெருமுனையைத் தாண்டியிருப்பாள். அப்போது என் போன் அடிக்கும். எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். அந்தப் பக்கம் பேச்சு இருக்காது, மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும்.

"உக்காந்திருக்காவ மாமி" என்பேன். வைத்துவிடுவாள்.